உயிர் பிழைத்தால் போதுமா?

ஒரு தொழிலாளி திடீரென நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். மருத்துவர்கள் அரும்பாடுபட்டு அவரது உயிரைக் காப்பாற்றுகின்றனர். சில நாள்களில் அவர் வீடு திரும்புகிறார். அண்டை அயலார் வந்து பார்த்து, “உயிர் பிழைத்ததே பெரிது” என்று ஆறுதல் கூறிச் செல்கின்றனர். ஆனால், இருபது ஆண்டுகளாக உளி பிடித்துப் பால்மரம் வெட்டிய அவரது வலக்கை இப்பொழுது ஒரு தேநீர்க் கோப்பையையும் தூக்கவில்லை. பொழுது விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, ஐந்நூறு மரங்கள் கொண்ட நிரையை நடந்தே முடித்த கால்கள் குளியலறை வரையிலும் செல்ல மறுக்கின்றன. இவர் நோயிலிருந்து விடுபட்டார் எனலாம்; வாழ்வுக்குத் திரும்பினார் எனலாமா?

இக்கேள்விக்கு விடை காணப் பிறந்ததே மறுவாழ்வு மருத்துவம். ‘மறுவாழ்வு’ என்றவுடன் நம்மவர் பலர் போதைப் பழக்கத்தினின்று மீட்கும் நிலையங்களையே எண்ணுவர். நாம் இங்குக் கூறுவது அதுவன்று. நோயாலோ விபத்தாலோ உடல் இழந்த செயலாற்றலை, இயன்ற அளவு மீண்டும் பெறச் செய்யும் மருத்துவத் துறையே இது. அரசாங்க மருத்துவமனைகளில் ‘ரெஹாபிலிதாசி’, ‘பிசியோதெராபி’, ‘பெமுலிஹான் சாராகெர்ஜா’ என்னும் அறிவிப்புப் பலகைகளைக் கண்டிருப்பீர்கள். அவை யாவும் இத்துறையைச் சேர்ந்தவை.

மருத்துவத்தின் மூன்றாம் படி

நோய் வராமல் காப்பது மருத்துவத்தின் முதற்படி. வந்த நோயைத் தீர்ப்பது இரண்டாம் படி. நோயாளியை அவரது வீட்டுக்கும் தொழிலுக்கும் தகுதியுடையவராக மீண்டும் அனுப்பி வைப்பது மூன்றாம் படி. இவ்வாறு வகுத்துக் கூறியவர் ஹோவார்டு ரஸ்க் என்னும் அமெரிக்க மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்கள், புண் ஆறிய பின்னரும் படுக்கையில் வீணே கிடப்பதை அவர் கண்டார். ஓய்வினால் அவர்களது உடல் மேலும் நலிவதையும், பயிற்சியளித்தால் விரைவில் தேறுவதையும் அறிந்தார். போருக்குப் பின் நியூயார்க் நகரில் இதற்கெனத் தனி நிலையம் கண்டு, உலக நாடுகள் பலவற்றினின்றும் வந்த மருத்துவர்களைப் பயிற்றுவித்தார்.

அவ்வாறு சென்றோருள் ஒருவர், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ். அவரது வரலாறு நாம் அனைவரும் அறிய வேண்டியது.

சக்கர நாற்காலியிலிருந்து ஒரு மருத்துவர்

மேரி வர்கீஸ் கேரளத்தில் 1925ஆம் ஆண்டு பிறந்தவர். வேலூரில் மருத்துவம் பயின்றவர். 1954ஆம் ஆண்டு தம் சக மருத்துவர்களுடன் அவர் பயணம் செய்த வண்டி கவிழ்ந்தது. முதுகுத் தண்டில் ஏற்பட்ட காயத்தால் அவரது இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் அற்றுப் போயின. மருத்துவராக வாழ்ந்தவர், படுக்கையில் புரட்டிவிடப் பிறர் கையை எதிர்பார்க்கும் நோயாளியானார்.

அப்பொழுது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் பணியாற்றி வந்தார். தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் அவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, நல்ல நிலையிலுள்ள தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை முறையில் புகழ்பெற்றவர். கையை நிமிர்த்துவதோடு தம் பணி முடிந்துவிடவில்லை என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். விரல் நிமிர்ந்தவருக்கு அவ்விரலைக் கொண்டு செய்ய ஒரு தொழில் வேண்டுமன்றோ? ஆகவே, அவர்களுக்குத் தச்சு வேலை கற்பிக்க ஒரு நிலையமும் அமைத்தார்.

கைகள் நன்றாக இருக்கும்போது, உட்கார்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்யலாமே என்று மேரி வர்கீஸை ஊக்குவித்தவர் பால் பிராண்டே. சக்கர நாற்காலியில் அமர்ந்து மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சிகிச்சை அளிக்கலானார். ஆஸ்திரேலியாவில் தாமே பயிற்சி பெற்று, தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் ஆற்றலைப் பெருக்கிக்கொண்டார். பின்னர் நியூயார்க் சென்று ரஸ்க்கின் நிலையத்தில் இத்துறையைக் கற்றார். வேலூர் திரும்பி மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966ஆம் ஆண்டு, நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் வேலூரை அடுத்த பாகாயத்தில் தொடங்கப்பெற்றது. அவ்வகையில் அது இந்தியாவிலேயே முதலாவதாகும். இந்திய அரசு 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் மறைந்தார். அந்நிலையம் இன்றும் தொண்டாற்றி வருகிறது.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. மேரி வர்கீஸின் கால்கள் இறுதிவரை குணமாகவில்லை. எனினும், அவரது வாழ்வு குணமாயிற்று. மறுவாழ்வு மருத்துவம் இழந்ததை எல்லாம் திருப்பித் தருவதாக வாக்களிப்பதில்லை. எஞ்சியிருப்பதைக் கொண்டு எவ்வளவு செய்யலாமோ அவ்வளவையும் செய்யக் கற்பிக்கிறது.

பயிற்சி எவ்வாறு பயன் தருகிறது?

பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ, மூளையின் ஒரு பகுதி அழிகிறது. கையை ஆட்டும் கட்டளை அப்பகுதியிலிருந்து வந்ததாயின், கை அசைவற்றுப் போகிறது. கையில் நோயில்லை, கட்டளை வரும் பாதையில்தான் தடை.

நம் தோட்டத்தில் பெருங்காற்றடித்து, நிரைக்குச் செல்லும் பாதையின் குறுக்கே பெருமரம் ஒன்று விழுந்துவிட்டது எனக் கொள்வோம். முதல் நாள் புதரை விலக்கிக்கொண்டு சுற்றிச் செல்வோம். பலரும் பலநாள் அவ்வழியே நடந்தால், புல் தேய்ந்து புதிய ஒற்றையடிப் பாதை உண்டாகிவிடும். மூளையும் அத்தகையதே. அழிந்த பகுதியைச் சுற்றியுள்ள நரம்புகள், திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியினால், புதிய தொடர்புகளை ஏற்படுத்திக்கொள்கின்றன. நடவாத வழியில் பாதை உண்டாவதில்லை; செய்யாத செயலுக்கு மூளை வழி வகுப்பதில்லை. ஒரு நாளில் பத்து முறையன்று, நூற்றுக்கணக்கான முறை கோப்பையை எடுத்து வைக்குமாறு பயிற்சியாளர் கூறுவது இதனாலேயே.

இம்முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் மிக விரைவாக நிகழ்கிறது. அதன் பின்னரும் தொடரலாம். ஆனால் மெல்லவே நிகழும். ஆகவே, “உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம்” என்று காத்திருப்பது பெருந்தவறு. மேலும், முழுப் படுக்கையாக ஒரு வாரம் கிடந்தாலே தசைகள் தம் வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கின்றன. அசையாத மூட்டு இறுகிவிடும். ஒரே இடத்தில் அழுந்தும் தோல் புண்ணாகிவிடும். இவை பக்கவாதம் தந்த கேடுகள் அல்ல. படுக்கை தந்த கேடுகள்.

அன்பே தடையாகலாமா?

ஐம்பத்தைந்து வயதுடைய தாயார் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பக்கவாதத்தால் அவரது வலப்பக்கம் செயலிழந்துள்ளது. மகள் அன்பு மிகுதியால் உணவை ஊட்டிவிடுகிறாள்; மகன் தூக்கி உட்கார வைக்கிறான்; மருமகள் தலைவாரிப் பொட்டிடுகிறாள். “பாவம், அம்மாவை எதற்கு வருத்துவது?” என்கின்றனர் மூவரும். மூன்று மாதம் கழிந்ததும் தாயாரின் தோள் இறுகி, கை மார்போடு ஒட்டிக்கொள்கிறது. அன்பில் குறையில்லை, ஆனால் அவ்வன்பு அவரது கைக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டது.

மறுவாழ்வுச் சிகிச்சையாளர் இதே தாயாரிடம் முதலில் கேட்கும் கேள்வி, “அம்மா, நீங்கள் எதனைச் செய்ய விரும்புகிறீர்கள்?” என்பதாகும். “என் சேலையை நானே உடுத்த வேண்டும்; அடுப்படிக்கு நடக்க வேண்டும்; மாரியம்மன் திருவிழாவுக்குப் போக வேண்டும்” என்று அவர் கூறுவாராயின், அவையே சிகிச்சையின் குறிக்கோள்கள் ஆகின்றன. முதல் வாரம் துணையின்றி உட்காருதல், அடுத்து எழுந்து நிற்றல், பின்னர் இணைக் கம்பிகளைப் பற்றி நடத்தல், அதன்பின் படியேறுதல். இவ்வாறு பெரிய குறிக்கோள் சிறிய படிகளாகப் பிரிக்கப்படுகிறது.

இப்பணியில் பலர் கூட்டாக ஈடுபடுகின்றனர். மறுவாழ்வு மருத்துவர் திட்டம் வகுக்கிறார். பிசியோதெராபி பயிற்சியாளர் தசை, மூட்டு, நடை ஆகியவற்றைக் கவனிக்கிறார். தொழில்வழிச் சிகிச்சையாளர் உண்ணல், உடுத்தல், குளித்தல், வேலை செய்தல் ஆகியவற்றைப் பயிற்றுவிக்கிறார். பேச்சுச் சிகிச்சையாளர் பேச்சையும் விழுங்கும் ஆற்றலையும் சீர்செய்கிறார். தாதியரும் சமூகநல அலுவலரும் உடன் உதவுகின்றனர். திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதியாகக் கூறியுள்ளார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிவோர். அந்நான்காம் பகுதி குடும்பத்தாரான நாமே ஆவோம்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்கலாகாது. தளர்ந்த தோள்மூட்டு எளிதில் நழுவும்; பின்னர் தீராத வலி உண்டாகும். முதுகிலும் இடுப்பிலும் கைகொடுத்தே எழுப்புதல் வேண்டும்.

2. தாமே புரள இயலாதவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தல் வேண்டும். இடுப்பு, குதிகால், முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோல் சிவந்துள்ளதா என நாள்தோறும் பார்த்தல் வேண்டும்.

3. உணவு ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார வைத்தல் வேண்டும். நீர் அருந்தும்போது இருமல் வந்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நுரையீரலில் உணவு சென்றால் உயிருக்கு ஆபத்து.

4. சட்டை அணியும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதனைக் கடைசியில் எடுக்க வேண்டும்.

5. ஊன்றுகோலை நல்ல கையிலேயே பிடிக்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நலிந்த கால் முதலில்.

6. நோயாளி அடிக்கடி அழுதாலும், எதிலும் நாட்டமின்றி இருந்தாலும், அதனைப் பிடிவாதம் எனக் கருதலாகாது. பக்கவாதம் கண்டோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டாகிறது. அதற்கும் சிகிச்சை உண்டு.

எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல் நம்மிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். மெதுவாகத் தேய்த்துவிடுவது நோயாளிக்கு இதம் அளிக்கும். ஆயின், பிறர் நம் கையை ஆட்டுவதால் மூளை கற்றுக்கொள்வது சிறிதே. நாமே முயன்று ஆட்டும்போதுதான் பெரிதும் கற்கிறது. உணர்வற்ற தோலில் சூட்டு ஒத்தடம் இட்டால் நோயாளி அறியாமலே வெந்துவிடும். மூட்டை முரட்டுத்தனமாக இழுத்தால் கேடு விளையும். ஆகவே, எண்ணெய்த் தேய்ப்பு பயிற்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது.

பால்வெட்டுத் தொழிலாளரும் மறுவாழ்வும்

பக்கவாதத்திற்கு மட்டுமே இம்மருத்துவம் என எண்ணற்க. தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்தும், உயர்ந்த வெட்டுக்குக் கையை உயர்த்தியும் உழைப்போருக்கு முதுகிலும் தோளிலும் மணிக்கட்டிலும் வலி தோன்றுவது இயல்பு. நிறைந்த பால்வாளிகளைச் சரிந்த நிலத்தில் சுமப்பதால் முழங்கால் தேய்கிறது. வலி மாத்திரை வலியை மறைக்கும். பலவீனமான தசையைப் பலப்படுத்தாது. சுமையை உடலோடு அணைத்து, முழங்காலை மடக்கித் தூக்குதல், ஒரே கையில் சுமக்காமல் இருபுறமும் சமமாகப் பகிர்தல் போன்ற முறைகளைப் பயிற்சியாளர் கற்பிப்பார்.

உளி பட்டு விரலின் தசைநாண் அறுந்துவிட்டால், மருத்துவர் அதனைத் தைத்து இணைக்கிறார். அதனோடு வேலை முடிவதில்லை. தைத்த நாண் முழு வலிமை பெற ஏறத்தாழ 12 வாரங்கள் ஆகும். அசைக்காமலே வைத்திருந்தால் நாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். வேகமாக அசைத்தால் அறுந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையே, தாங்கு பட்டை அணிவித்து, நாளுக்கு நாள் அளவோடு அசைக்கக் கற்பிப்பவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். தையல் பிரித்தவுடன் “ஆறிவிட்டது” என்று பயிற்சிக்குச் செல்லாது நின்றுவிடுவோர், பின்னர் மடங்காத விரலுடன் வருந்த நேரிடும்.

நீரிழிவு நோய் மற்றொரு பெரும் பகை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, நம் நாட்டில் வயதுவந்தோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு அப்பொழுது நீரிழிவு இருந்தது. இந்திய வம்சாவளியினரிடையே இது இன்னும் மிகுதி. உணர்வற்ற காலில் முள் தைத்ததும் தெரியாது. புண் புரையோடிய பின் காலையே அகற்ற நேரிடுகிறது. கால் இழந்தோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முழங்காலின் அடியில் தலையணை வைத்துப் படுத்தலாகாது. மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். பின்னர் செயற்கைக் கால் பொருத்துவது கடினமாகும். எஞ்சிய பகுதியைப் பயிற்சியாளர் காட்டியவாறு துணிப்பட்டையால் சுற்றி வடிவமைத்தல் வேண்டும். மற்ற காலை நாள்தோறும் சோதித்தல் வேண்டும்.

செயற்கைக் கால் பற்றி நாம் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றுண்டு. இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1960களின் பிற்பகுதியில், ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும், டாக்டர் பி. கே. சேத்தி என்னும் எலும்பு மருத்துவரும் பிறரும் சேர்ந்து புதிய செயற்கைப் பாதம் ஒன்றை உருவாக்கினர். மேலைநாட்டுச் செயற்கைக் கால்கள் காலணியோடு நாற்காலியில் அமர்வோருக்கு ஏற்றவை. சம்மணமிட்டு அமரவும், குந்தியிருக்கவும், ஈர வயலில் வெறுங்காலுடன் நடக்கவும் அவை உதவவில்லை. சர்மாவும் சேத்தியும் கண்ட தீர்வு, இரப்பர்! லாரிச் சக்கரத்திற்குப் பயன்படும் முறைப்படி பதப்படுத்திய இரப்பரைக் கொண்டு அவர்கள் வளையும் பாதம் செய்தனர். குறைந்த செலவில் கிடைத்த அப்பாதம் பல நாடுகளில் எண்ணற்றோரை நடக்க வைத்தது. சேத்திக்கு 1981இல் மக்சைசாய் விருது கிடைத்தது. ஊன்றுகோலின் நுனியிலும், தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சிப் பட்டையிலும் இரப்பரே உள்ளது. மரத்திலிருந்து மங்கில் சொட்டும் பால், எங்கோ ஒருவரை எழுந்து நிற்கச் செய்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

எங்கே செல்வது?

முன்னாளில் பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரியும் டிரெசரும் இருந்தனர். காயத்திற்குக் கட்டுப் போட்டனர். காய்ச்சலுக்கு மருந்து தந்தனர். ஆனால் நடை இழந்தவருக்கு நடை பயிற்றுவிக்க அங்கு வழியில்லை. இன்று நிலை மாறியுள்ளது. பினாங்கு மாநிலத்தை எடுத்துக்கொண்டால், ஜார்ஜ்டவுன் ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு பொது மருத்துவமனை வடமாநிலங்களின் பெரிய அரசாங்க மருத்துவமனைகளுள் ஒன்று. பெருநிலத்தில் உள்ளோருக்குச் செபராங் ஜெயா மருத்துவமனை அருகில் உள்ளது. நிபோங் திபால், பத்து காவான் வட்டாரங்களிலிருந்து தீவுக்குச் செல்ல 1985இல் திறக்கப்பட்ட முதல் பாலமும், 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலமும் உதவுகின்றன.

முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் மருத்துவரைக் கண்டு, மறுவாழ்வுச் சிகிச்சைக்கான பரிந்துரைக் கடிதம் பெறலாம். குடிமக்களுக்கு அங்குப் பார்வைக் கட்டணம் ஒரு ரிங்கிட். அரசாங்க மருத்துவமனையின் நிபுணத்துவப் பிரிவில் 5 ரிங்கிட். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளிலேயே, “பயிற்சிக்கு எந்நாள் வர வேண்டும்?” என்று கேட்டு, தேதி அட்டையைப் பெற்றுக்கொள்ளுதல் நன்று.

பக்கவாதத்திலிருந்து மீள்வோருக்கெனத் தொண்டூழிய அமைப்பும் உண்டு. மலேசிய தேசிய பக்கவாதச் சங்கம் 1996இல் தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கிய ஜேனட் இயோ அம்மையார் தாமே பக்கவாதத்திலிருந்து மீண்டவர். இச்சங்கத்திற்குப் பினாங்கிலும் ஒரு மையம் உண்டு. ஊனமுற்ற குழந்தைகளுக்கும் மற்றவர்க்கும் அவரவர் ஊரிலேயே பயிற்சியளிக்கும் ‘பிடிகே’ என்னும் சமூக மறுவாழ்வுத் திட்டம் 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி, இன்று நாடெங்கும் பரவியுள்ளது. சமூகநல இலாகாவில் ‘ஓகேயு’ அட்டைக்குப் பதிந்துகொள்வோர், அரசாங்கம் வழங்கும் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

பெர்கேசோ: நம் உரிமை

1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 1971இல் தொடங்கப்பெற்றது பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வேலையிடத்து விபத்து மட்டுமன்று. வீட்டிலிருந்து வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் நேரும் விபத்தும், தொழிலால் வரும் நோயும் இதில் அடங்கும். விபத்து நாள் உட்படக் குறைந்தது 4 நாள்கள் வேலை செய்ய இயலாதென மருத்துவர் சான்றளித்தால், சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமை உதவியாகக் கிடைக்கும். முதலாளி 48 மணி நேரத்திற்குள் விபத்தைப் பற்றி அறிவித்தல் வேண்டும். ஆகவே, சிறு காயமெனினும் கிராணியிடம் அன்றே தெரிவித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பணவுதவியோடு, மறுவாழ்வுப் பயிற்சியும் செயற்கை உறுப்புகளும் பெர்கேசோவின் உதவிகளுள் அடங்கும். 2007 முதல் ‘மீண்டும் வேலைக்கு’ என்னும் திட்டம் நடைபெறுகிறது. இதன்படி அலுவலர் ஒருவர் தொழிலாளி, மருத்துவர், முதலாளி ஆகிய மூவரிடமும் பேசி, அவர் செய்யக்கூடிய வேலைக்குத் திரும்ப வழி செய்கிறார். மலாக்காவில் 2014இல் திறக்கப்பட்ட துன் ரசாக் மறுவாழ்வு மையத்தில், காப்புறுதி பெற்ற தொழிலாளர்கள் தங்கிப் பயிற்சி பெறலாம். மரம் வெட்ட இயலாதவர் பால் நிறுக்கும் இடத்திலோ நாற்றுப் பண்ணையிலோ பணியாற்ற இயலலாம். வேலை மாறினும் உழைப்பின் மதிப்பு மாறுவதில்லை.

வருமுன் அறிக

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும், அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 999 என்னும் எண்ணை அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து நான்கரை மணி நேரத்திற்குள் தரப்பட்டால்தான் பயன் தரும். விடியட்டும் எனக் காத்திருப்பது கையையும் காலையும் இழப்பதற்கு ஒப்பாகும்.

உங்கள் தோட்டத்தில், இன்று பாயில் கிடக்கும் ஒருவரை நீங்கள் அறிந்திருக்கலாம். அவரைக் காணச் செல்லும்போது, பழத்தோடு இச்செய்தியையும் கொண்டு செல்லுங்கள். ஆறுதல் கூறியபின், “பயிற்சிக்குச் செல்கிறீர்களா?” என்று கேளுங்கள். போக வண்டியில்லையெனில், ஒருவர் பின் ஒருவராக அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். கோப்பையை அவரது நலிந்த கையிலேயே கொடுங்கள். சிந்தினால் சிந்தட்டும், அடுத்த முறை குறைவாகச் சிந்தும்.